பத்தாம் நம்பர் சட்டை

கொஞ்சம் பொறுத்தீர்களானால் இதில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஏமாந்தவர் ஹெக்டர் லேமண்ட், வயசு அறுபத்தொன்பது, குன்னூர்க்காரர்களுக்கு ஹெக்டர் துரை. ஏமாற்றியது ஒரு ஃபோன். நேற்றுக் காலை ரத்தினசாமியின் மருந்துக்கடை ஃபோனில் கிளப்புச் செயலாளர் கர்னல் விட்டேக்கர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அதாவது கர்னலின் செருமல் பேசியது, கர்னலின் மூக்கு பேசியது, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் கர்னல் பைப்பைக் கடிக்கிற அந்தச் சின்ன 'டக்' கூடச் சரியாக வந்தது; கர்னல் மட்டும் வரவில்லை. அவர் அந்த நேரத்தில் தன் வீட்டில் அவித்த முட்டையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். ஒரு தரம் கேட்ட குரலை அப்படியே திருப்பிப் பேசிவிடுகிற ஆசாமி ஊருக்கு ஒருத்தராவது இருக்கத்தானே செய்கிறார். "நாளைக்கு நாலு மணிக்குக் கார் அனுப்புகிறேன், லேமண்ட். நீங்கள் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினபோது போட்ட சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கிளப் ஹாலில் மாட்டப்போகிறோம். உங்களுக்கே உரிய பத்தாம் நம்பர் சட்டை. மறக்காமல் எடுத்து வாருங்கள்." டக். இதுதான் விஷயம். உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது. தெரிகிற நிமிஷத்தில் நாம் சிரிக்கலாம். அதுவரை அவர் உட்கார்ந்திருக்கிற பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் நாமும் கொஞ்சம் உட்கார்ந்திருப்போம். மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம்.

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை, இந்தக் கொண்டையூசி வளைவில் எந்தக் காரும் ஐந்து நிமிஷம் பின்தங்கித்தான் வரும், முட்டைக்கோஸ் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் பத்து நிமிஷம்கூட ஆகும் என்று ஹெக்டர் துரை நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். அது கழுத்தைப் பிடித்தது, அவிழ்த்தார். 1909-ல் எடின்பரோவில் தைத்த கோட்டு, அப்போது அதற்குள் ஒரு மாடு இருந்தது, இப்போது ஒரு கொடிக்கம்பு இருக்கிறது, கழுத்து மட்டும் எப்படி இறுகிப்போகும்? சமையலறைக் கதவில் பாக்கியம் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு பொங்குகிறவள், இன்றைக்குத் தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள், ஏனென்றால் நேற்று அவர், வாய் தவறி அல்ல, யோசித்துத்தான், நீயும் வா பாக்கியம் என்று சொல்லியிருந்தார். "கோட்டுல இருந்து பாச்சா உருண்டை வாசம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவுதுங்க தொரை. மாலை போட வர்றவங்க மூக்கப் புடிச்சிட்டுத்தான் போடணும்." மாலையெல்லாம் கிடையாது, கைதான் தட்டுவார்கள் என்றார். "மாலை இல்லாம என்னங்க மரியாதை? நான் கீழ தோட்டத்து லைன் வீடு பூரா மாலை போடறாங்கன்னு சொல்லி வெச்சிட்டேன்." சொல்லிவிட்டாயா, எல்லாரிடமுமா? "சொல்லாம? ரத்தினசாமி அதுக்கு முந்தியே சொல்லிட்டாப்ல." சட்டையை எடுத்து வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கார் வந்த பிறகு எடு, டிரங்குப் பெட்டிக்குள் இருக்கட்டும், பனி படும் என்றார். பனி இறங்கத்தான் ஆரம்பித்திருந்தது, எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக ஒவ்வொரு வரியாய் அழிந்துகொண்டிருந்தன, கரும்பலகையில் யாரோ கீழேயிருந்து மேலே துடைக்கிற மாதிரி. பத்து. பத்தாம் நம்பர். உங்களுக்கே உரிய. அந்த வார்த்தையை நேற்றிலிருந்து அவர் ஒரு மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார், கடிக்கவில்லை, கடித்தால் தீர்ந்துவிடும்.

பத்து என்றால் எது? அதுதான் நேற்று ராத்திரி முழுக்க நெருடியது, இப்போதும் நெருடுகிறது. வராந்தா விளிம்பில் ஜெரேனியம் தொட்டிகள் வரிசையாக இருந்தன, பதினைந்து, அது தற்செயல்தான், அல்லது தற்செயல் இல்லையோ, வாங்கும்போது அவர் கை பதினைந்தில் நின்றிருக்கலாம். ஒரு அணிக்குப் பதினைந்து பேர். முன்னால் தோளோடு தோள் கோத்து முட்டுகிற எட்டுத் தடியர்கள், ஃபார்வர்டுகள். அவர்களுக்குப் பின்னால் பந்தைப் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்கிற ஹாஃப்கள் இரண்டு பேர். அப்புறம் ஓடுகிறவர்கள் நாலு பேர், நடுவில் இரண்டு, ஓரத்துக்கு ஒன்று. கடைசியில் ஒண்டியாக, வானத்தைப் பார்த்தபடி, ஃபுல்பேக். முன்னாலிருந்து எண்ணினால் பத்தாவது தொட்டி இரண்டாவது ஹாஃப். அங்கே அவர் ஆடியிருக்கிறார். பின்னாலிருந்து எண்ணினால் பத்தாவது தொட்டி ஒரு தடியன். ஐயோ, அங்கேயும் ஆடியிருக்கிறார். எங்கேதான் ஆடவில்லை? முதல் மாட்சில் ஃபுல்பேக், ஏனென்றால் அந்த இடத்துக்காரன் காலரெலும்பை உடைத்துக்கொண்டான். மழை, சேறு, வானத்திலிருந்து ஒரு ஈர ரொட்டி மாதிரி விழுந்த பந்து, பிடித்தார், மார்பில் அது மோதின சத்தம் இன்னும் உள்ளே இருக்கிறது. பிரமாதம் லேமண்ட் என்றார்கள். அடுத்த மாட்சில் வலது ஓரம், ஏனென்றால் வலது ஓரத்துக்காரனுக்குப் பரீட்சை. அதற்கடுத்து இடது ஓரம். அப்புறம் நடு. அப்புறம் ஹாஃப். மறுபடி ஃபுல்பேக். ஒவ்வொரு தடவையும் கேப்டன் வெள்ளைப் பல் தெரிய, பேரைச் சொல்லி, விரலை நீட்டுவான்: லேமண்ட், அங்கே. அவ்வளவுதான், இடத்தின் பேரைக்கூடச் சொல்ல மாட்டான். லேமண்ட், அங்கே. நாலு வருஷத்தில் ஏழு மாட்ச், ஏழும் ஒரே சட்டையில், முதல் மாட்சுக்குக் கொடுத்ததைத்தான் துவைத்துத் துவைத்துப் போட வேண்டும், கிழிந்தால் தைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் சிக்கனத்தில் நம் மளிகைக்கடைக்காரருக்கு வாத்தியார்கள். முதல் தொட்டிக்கு ஒரு பேர் வைத்தார், பெரிய காது உள்ள அந்த உழவன். இரண்டாவதுக்கு ஒரு பேர், பாதிரியின் மகன். மூன்றாவது. நாலாவது. பேர்கள் வருகின்றன, ஞாபகம் கெட்டுப்போகவில்லை, பார்த்தாயா, டாக்டர் சொன்னதெல்லாம் சும்மா. பதினாலு பேர் வந்தார்கள். பதினைந்தாவது யார்? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காது, பாதிரி மகன், திக்குவாய், பதினாலு. யாரை விட்டேன்? "தொட்டிய எண்ணறீங்களா?" என்றாள் பாக்கியம், "ஒண்ணும் காணாமப் போகலீங்க, காலைல நாந்தான் தண்ணி ஊத்தினேன்." அப்போதுதான் தெரிந்தது, விட்டது தன்னைத்தான்.

ஒரு வண்டி வளைவில் ஏறியது. இரண்டாவது கியர், மூச்சிரைப்பு. கை தானாக டையைத் தொட்டது. முட்டைக்கோஸ் லாரிதான். போயிற்று. நாலே கால். உபயோகமான ஆள். அப்படித்தான் எழுதினான் அந்தப் பத்திரிகைக்காரன், ஏழில் ஆறு மாட்சுக்கும் அதே வார்த்தை: 'லேமண்ட் எங்கே போட்டாலும் உபயோகமானவர்.' துணி மூட்டை கட்டுகிற கயிறு உபயோகமானது. கால் குட்டையான ஸ்டூலுக்கு முட்டுக் கொடுக்கிற செங்கல் உபயோகமானது. அந்த வார்த்தையை அவர் அதற்குப் பின்னாலும் ஒரு இடத்தில் பார்த்திருக்கிறார், எஸ்டேட் துரையாக இருந்த அப்பாவின் கடிதத்தில், அப்பா செத்த பிறகு மேஜை இழுப்பில் கிடைத்த நகல், தன் தம்பிக்கு எழுதினது: 'எஸ்டேட்டில் எனக்குத் தாயம்மாள் என்று ஒரு உபயோகமான பெண் இருக்கிறாள்.' தாயம்மாள்தான் அம்மா. அம்மா பங்களாவின் பின்வாசல் வழியாகத்தான் கடைசிவரை வந்துபோனாள். ஒன்பது வயசில் அவரை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேற்றும்போது அவள் அழவில்லை, அவர் பூட்ஸ் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டாள், அவிழாமல் இருக்க, ஏடனில் ஒரு மாலுமி கத்தி வைத்து அறுக்க வேண்டியிருந்தது. பதினேழு வருஷம் கழித்து இருபத்தாறு வயசில் திரும்பி வந்தபோது அணியின் போட்டோவைக் காட்டினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பதினைந்து பேர், மூன்று வரிசை, ஒரே சட்டை, ஒரே மீசை. விரல் ஒவ்வொரு முகமாகப் போயிற்று. போய் ஒருவன் மேல் நின்றது. இதானே எக்டரு நீ? அது அவரில்லை, திக்குவாய். ஆமாம்மா என்றார். அப்போ அவள் கேட்டாள், பெரிய சபையில ஆடியிருக்கே, நீ எங்கே நின்னு ஆடுவே சாமி? அங்கே, என்றார். அவள் தலையாட்டினாள், புரிந்த மாதிரி. அங்கே.

டப்ளினை நினைக்க வேண்டாம். இன்றைக்கு வேண்டாம், கை தட்டப்போகிற நாளில் எதற்கு என்று அவர் முகத்தைத் திருப்பினார், திருப்பின பக்கத்தில் டப்ளின் இருந்தது. ஏழாவது மாட்ச். ஹாஃபாக ஆரம்பித்தார், அன்றைக்குக் கால் பேசினது, பந்து அவரைத் தேடி வந்தது, இதுதான் என் இடம், இதுதான் இதுதான் என்று மூச்சு சொல்லிக்கொண்டிருந்தது, இருபது நிமிஷம். இருபத்தோராவது நிமிஷம் முன்வரிசைத் தடியன் ஒருவன் தோள் கழன்று வெளியே போனான். பதிலுக்கு ஆள் இறக்குகிற வழக்கம் அப்போது இல்லை, உள்ளவர்களை வைத்துத்தான் அடைக்க வேண்டும். லேமண்ட், அங்கே. போனார். இரண்டு முரட்டுத் தொடைகளுக்கு நடுவில் தலையைக் கொடுத்தார், இருட்டு, சேற்று வாடை, யாருடைய மூச்சோ தன் காதில், தள்ளு தள்ளு, அந்த இருட்டுக்குள் இருந்தபோது வெளியே இருபதாயிரம் பேர் ஒரே தொண்டையாக எழுந்த சத்தம் கேட்டது. தலையை உருவிக்கொண்டு பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது, எதிரி ஹாஃப் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பாயிண்ட் எடுத்துப் பந்தின்மேல் படுத்திருந்தான், அவர் நின்றிருந்த, அவரை எடுத்துவிட்ட, அந்த இடத்தின் வழியாகத்தான் ஓடியிருக்கிறான். பத்திரிகைக்காரன் அன்றைக்கு வார்த்தையை மாற்றினான்: 'லேமண்ட் விட்டுச்சென்ற ஓட்டை.' விட்டுச்சென்ற. அதற்குப் பிறகு தபால் அட்டை வரவில்லை. அணியில் எடுத்தால் ஒரு அட்டை வரும், இன்ன தேதி, இன்ன ரயில், காலுறை சொந்தம். ஒரு குளிர்காலம் முழுக்கத் தினம் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து, கதவின் கீழ் இடுக்கைப் பார்த்துக்கொண்டு, டை கட்டி. இப்போது போலவே. இப்போது போலவே என்று ஏன் நினைத்தேன்? இது வேறு. இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கர்னலே பேசினார், அந்தக் காலத்து மனுஷர், தன் ரெஜிமெண்டுக்காக அதே வருஷங்களில் அதே ஆட்டத்தை ஆடினவர், இதன் அருமை வேறு யாருக்குத் தெரியும்?

நாலே முக்கால். இடது கை மரத்திருந்தது, உதறினார், சாய்ந்து உட்கார்ந்ததால்தான், வேறொன்றுமில்லை, இன்றைக்கு வேண்டாம், கண்ணாடிப் பெட்டியில் சட்டை ஏறின பிறகு எது வேண்டுமானாலும் வரட்டும், டைகர் ஹில் வெள்ளைக்காரக் கல்லறையில் அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை, அவள் கீழே வேறு இடத்தில் கிடக்கிறாள், அங்கேயும் யாராவது விரலை நீட்டுவார்கள், லேமண்ட், அங்கே. திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பூகோள வாத்தியாருக்குக் காய்ச்சலென்றால் பூகோளம், பாட்டு டீச்சருக்குப் பிரசவமென்றால் பாட்டு, பியானோவில் ஒரு விரலால். ஹெட்மாஸ்டரின் குழைந்த குரல்: மிஸ்டர் லேமண்ட், நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? எதுவும் செய்திருக்க மாட்டீர்கள். ரக்பி டீமுக்கு நம்பர் தைப்பதுகூட அவர் வேலைதான், வெள்ளைத் துணியில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை வெட்டி, பையன்களின் முதுகில், இருபது வருஷம், கை தூக்கத்தில்கூட ஏழையும் எட்டையும் வெட்டும். கிளப்பில் சீட்டாட்டத்துக்கு ஒரு கை குறைந்தால் ஆள் அனுப்புவார்கள், டென்னிஸுக்கு ஒருத்தர் குறைந்தால், பெங்களூர் பட்டாளத்தோடு மோதப் பதினைந்தில் ஒருவர் குறைந்தால். பக்கவாசல் வழியாக உள்ளே. ஆட்டம் முடிந்து குடிக்க உட்காரும்போது கர்னலின் செருமல்: நீங்கள் கிளம்ப வேண்டியிருக்கும், இல்லையா லேமண்ட்? ஆமாம் சார், கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் கேட்ட செருமல், அதை ஃபோனில் கேட்டதும் நேற்று இவர் எழுந்து நின்றுவிட்டார், மருந்துக்கடையில், ரத்தினசாமி பார்த்துக்கொண்டிருக்க. அந்தச் செருமலிலிருந்து, உங்களுக்கே உரிய பத்தாம் நம்பர். பத்து, பத்து. முன்னாலிருந்தே எண்ணுவோம், அப்படித்தான் எண்ண வேண்டும், ஹாஃப். டப்ளினில் அந்த இருபது நிமிஷம் யாரோ பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், லேமண்ட் பத்து, அது அவன் இடம், மற்றதெல்லாம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினது. நாற்பத்துநாலு வருஷம் அந்தக் காகிதம் எங்கோ இருந்திருக்கிறது. அம்மா, பத்து. நான் பத்தில் நின்னு ஆடினேன்மா.

ஐந்தே கால். இரண்டு வண்டிகள் ஏறின, இரண்டும் நிற்கவில்லை. வெலிங்டன் பஸ் ஏறியது. லைன் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் குடத்தோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், ஒருத்தி பாக்கியத்தைப் பார்த்து, "என்னக்கா, கல்யாண வீட்டுக்கு இன்னும் வண்டி வரலையா?" என்றாள். "வர்ற வண்டி வந்துதான் தீரும், நீ தண்ணி புடிக்கற வேலையப் பாரு," என்றாள் பாக்கியம், சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினாள். "தொரை, மணி அஞ்சாச்சு, வண்டி வந்ததும் அவசரத்துல ஓட முடியாது. நான் சட்டைய எடுத்துத் துணியில சுத்தி வெச்சர்றேன், பனி படாம." பனி இப்போது ரோட்டை எடுத்துக்கொண்டுவிட்டது, பதினைந்தாவது தொட்டியையும் எடுத்துக்கொண்டது, பதினாலாவதையும். உள்ளே டிரங்குப் பெட்டியின் கொண்டி கிறீச்சிட்டது. கார் பஞ்சராகியிருக்கும். டிரைவர் புதுசாக இருப்பான், வழி தெரிந்திருக்காது. கர்னல் மறந்திருக்க மாட்டார். பத்து.

பாக்கியம் சட்டையை இரண்டு கையாலும் தோளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், பட்டுப்புடவையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி. கருநீலம், முழங்கையில் நீலமல்லாத நூலால் அவரே தைத்த தையல், மார்பில் ஸ்காட்லாந்து முத்திரையான வெள்ளை முள்பூ. "கண்ணாடிக்குள்ள வெக்கறப்போ நம்பரு வெளிய தெரியணுமில்லீங்க, அதுக்குத் தகுந்தாப்ல மடிச்சுத் தரேன். நம்பரு எந்தப் பக்கம்?" திருப்பினாள். மறுபடி திருப்பினாள். கையை உள்ளே விட்டு உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணையும் காணோம். முதுகு மொட்டையா இருக்குதுங்க. பூச்சி கீச்சி தின்னுட்டுதா?" "அதுல நம்பர் கிடையாது பாக்கியம்," என்றார், வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லிப் பழகின குரலில், கண் ரோட்டின்மேல் இருக்க. "நம்பரெல்லாம் பின்னாடி வந்தது. நாங்க ஆடின காலத்துல யாருக்குமே நம்பர் கிடையாது."

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கி வந்த சிரிப்பு, சட்டையோடு சேர்ந்து குலுங்கினாள். "அதெப்படீங்க? பதினஞ்சு பேரும் ஒரே சட்ட, நம்பரும் இல்லேன்னா, யாரு எங்க நிக்கறாங்கன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தன் வாய் சற்று முன்னால் சொன்னது அவர் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. யாருக்குமே கிடையாது. அந்தக் காலத்து மனுஷர் கர்னலுக்கும் அது தெரியும், பத்தாம் நம்பர் சட்டை என்று அவர் வாயில் வராது.

விரல் கழுத்துப் பொத்தானைத் தேடிற்று, அது ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. கீழே வளைவில் ஒரு கார் ஏறிக்கொண்டிருந்தது, விளக்கு பனியில் மஞ்சளாகக் கரைந்து வந்தது, பாக்கியம் இன்னும் சிரித்தபடி அதைக் கையால் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சட்டைய உள்ள வெச்சிரு பாக்கியம்," என்றார். "பனி படுது."